பீட்டா சிதைவும் அணுக்கருக் கூடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுநிலை மாணவர்களுக்கு அணுக்கரு இயற்பியல் பாடம் எடுக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் கைகள் உயர்கின்றன. மாய எண்களை, அதாவது அணுக்கருக் கூடுகள் முழுமையாக நிரம்பும் எண்ணிக்கைகளை, நடத்தி முடித்துவிட்டு, "இந்த எண்கள் எல்லா அணுக்கருக்களிலும் நிலைப்பதில்லை" என்று நான் சொல்லும் இடம் அது. அப்போது எழுந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பல பதில்கள் ஒரே நிகழ்வைச் சுற்றி வரும்: சோடியம்-32 சிதைந்து மெக்னீசியம்-32 ஆவது. இந்தத் துறைக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

கூடு என்பது எலக்ட்ரான்களுக்குத்தானே? அணுக்கருவுக்குள் நடுவில் எதுவுமே இல்லையே, எதைச் சுற்றிக் கூடு அமையும்?

நியாயமான கேள்வி. அணுவில் எலக்ட்ரான்களை இழுத்துப் பிடிக்க நடுவில் அணுக்கரு இருக்கிறது. அணுக்கருவில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு புரோட்டானும் நியூட்ரானும் மற்ற எல்லாவற்றின் ஈர்ப்பையும் சேர்த்து உணர்கிறது. அந்தக் கூட்டு ஈர்ப்பின் சராசரியே ஒரு கிண்ணம்போல் அமைந்துவிடுகிறது. அந்தக் கிண்ணத்துக்குள் அனுமதிக்கப்பட்ட ஆற்றல் மட்டங்கள் சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் பெரிய இடைவெளியுடனும் இருக்கும். இரண்டு பெரிய இடைவெளிகளுக்கு நடுவே இருக்கும் மட்டங்களின் தொகுதியைத்தான் கூடு என்கிறோம். புரோட்டான்களுக்குத் தனி வரிசை, நியூட்ரான்களுக்குத் தனி வரிசை.

2, 8, 20, 28, 50, 82, 126. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா? எங்கிருந்து வந்தன இந்த எண்கள்?

ஒரு கூடு முழுமையாக நிரம்பும் எண்ணிக்கைகள் இவை. எளிய கிண்ண வடிவத்தை வைத்துக் கணக்கிட்டாலே 2, 8, 20 கிடைத்துவிடும். அதற்கு மேல் கணக்கு பொய்த்தது. 1949இல் மரியா கோப்பர்ட் மேயரும், அவரை அறியாமல் தனியாக ஹான்ஸ் யென்சன் குழுவினரும் விடையைக் கண்டார்கள். நியூக்ளியானின் (புரோட்டான் அல்லது நியூட்ரானின்) தற்சுழற்சியும் அதன் சுற்றுப்பாதைச் சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் மட்டம் கீழே இறங்கும், எதிர்த்திசையில் இருந்தால் மேலே ஏறும். இந்தப் பிளவு அணுக்கருவில் மிகப் பெரியது. அதைச் சேர்த்ததும் 28, 50, 82, 126 ஆகியவை வரிசையாக வந்து நின்றன. 1963ஆம் ஆண்டின் நோபல் பரிசை இருவரும் யூஜின் விக்னருடன் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வையுங்கள். இந்த எண்கள் அனைத்தும் அன்று கையில் கிடைத்த அணுக்கருக்களை, அதாவது நிலையானவற்றையும் அவற்றின் அக்கம்பக்கத்தையும், பார்த்து வந்தவை.

"நியூட்ரான் மிகுந்த" என்றால் எவ்வளவு மிகுதி?

உப்பில் இருக்கும் சோடியம்-23இல் 11 புரோட்டான்கள், 12 நியூட்ரான்கள். சோடியம்-32இல் அதே 11 புரோட்டான்களுடன் 21 நியூட்ரான்கள். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. அதன் அரை ஆயுட்காலம் 13 மில்லிவினாடி அளவே. நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் அதில் பெரும்பகுதி சிதைந்து முடிந்திருக்கும்.

சிதைவது சோடியம். ஆனால் மெக்னீசியத்தின் அமைப்பு தெரிந்தது என்கிறீர்கள். குழப்பமாக இருக்கிறது.

உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கோபால்ட்-60 மூலத்தை வைத்து 1173, 1332 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று இரண்டு காமா சிகரங்களை வரைந்திருப்பீர்கள். அவற்றைக் கோபால்ட்டின் காமா என்றே எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அவை நிக்கல்-60இன் காமாக்கள். கோபால்ட்டின் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் வெளியேறிய பிறகு (இதுவே பீட்டா சிதைவு), மீதமிருக்கும் நிக்கல் கிளர்ந்த நிலையில் பிறக்கிறது. அது படிப்படியாக இறங்கும்போது விடும் காமாக்கள்தான் அவை. 1332 என்பது நிக்கல்-60இன் முதல் கிளர்வு நிலையின் உயரம்.

சோடியம்-32இலும் நடப்பது இதுவே. தாய் சிதைகிறது, மகளின் ஆற்றல் படிக்கட்டு வெளிச்சத்துக்கு வருகிறது. மகளான மெக்னீசியம்-32இல் 12 புரோட்டான்களும் 20 நியூட்ரான்களும் இருக்கின்றன. அந்த 20 ஒரு மாய எண்.

சரி, அந்தப் படிக்கட்டில் என்ன பார்க்க வேண்டும்?

புரோட்டான், நியூட்ரான் இரண்டும் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால், அடிநிலையின் தற்சுழற்சி எப்போதும் 0. அதற்கு மேல் பெரும்பாலும் முதலில் வருவது தற்சுழற்சி 2 கொண்ட நிலை. கூடு நிரம்பியிருந்தால் அந்த நிலைக்கு ஏற ஒரு நியூக்ளியான் பெரிய இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். எனவே அது உயரத்தில் இருக்கும். 20 நியூட்ரான்கள் கொண்ட கால்சியம்-40இல் 3904 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதே 20 நியூட்ரான்கள் கொண்ட சிலிக்கான்-34இல் 3327. இங்கே தற்சுழற்சி 0 கொண்ட வேறொரு நிலையும் நடுவில் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

சிலிக்கான்-34இலிருந்து இரண்டு புரோட்டான்களை மட்டும் எடுத்துவிட்டால் மெக்னீசியம்-32. அங்கே அந்த நிலை 885இல் இருக்கிறது! மாய எண் இல்லாத பக்கத்து வீடான மெக்னீசியம்-30இல்கூட அது 1482. மாய எண் இருக்கும் இடத்தில் ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது.

ஒரே ஒரு காமா கோட்டை நம்பியா மாய எண் உடைந்தது என்று அறிவித்தார்கள்?

இல்லை. முதல் அதிர்ச்சி நிறையிலிருந்து வந்தது. 1975இல் ரோபேர் கிளாபிஷ் வழிநடத்திய பிரெஞ்சுக் குழு, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் சோடியம் ஐசோடோப்புகளின் நிறையை 32 வரை அளந்தது. சோடியம்-31, 32 ஆகியவை எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகக் கட்டுண்டிருந்தன. கோள வடிவில் இருக்க வேண்டியவை நீண்டு உருமாறியிருந்தால் இந்தக் கூடுதல் பிணைப்பு வரும் என்று கணக்குகள் காட்டின. சோடியம் சிதைவுகளை ஆராய்ந்து 885 கோட்டை வெளியிட்டது 1979இல். அந்தப் படிக்கட்டை விரிவாக வரைந்த ஆய்வு 1984இல் வந்தது. 1990இல் வார்பர்ட்டன், பெக்கர், பிரவுன் மூவரும் இந்தப் பகுதிக்குத் "தலைகீழ்த் தீவு" என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். மேலே இருக்க வேண்டிய அமைப்பு அடிநிலையாகவும், அடிநிலையாக இருக்க வேண்டியது மேலேயும் இருப்பதால் அந்தப் பெயர். 1995இல் ஜப்பானின் ரிகென் ஆய்வகத்தில் மோட்டோபயாஷி குழுவினர் மெக்னீசியம்-32ஐ ஈயத் தகட்டின் மின்புலத்தின் வழியே பாயவிட்டு, அது நன்றாக உருமாறியிருப்பதை வேறு வழியில் உறுதிசெய்தார்கள்.

நிறை, பீட்டா சிதைவு, மின்புலக் கிளர்வு என்று மூன்று தனித்தனிச் சாட்சிகள். அதன் பிறகே பாடநூல் திருத்தப்பட்டது.

13 மில்லிவினாடியில் மறைந்துபோவதை எப்படிப் பிடித்து, பிரித்து, அளப்பது? எனக்கு இதுதான் நம்பமுடியாததாக இருக்கிறது.

எனக்கும் இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது. இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, செர்னில் 1967 முதல் இயங்கும் ஐசோல்டேயின் வழி. 2000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிய யுரேனியம் கார்பைடு இலக்கின் மீது 1.4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். யுரேனியம் உடைந்து எத்தனையோ தனிமங்கள் பிறக்கின்றன. அவை சூட்டில் கசிந்து வெளியேறி, அயனியாகி, காந்தப் புலத்தில் நிறைவாரியாகப் பிரிகின்றன. சோடியம், பொட்டாசியம் போன்றவை சூடான உலோகப் பரப்பைத் தொட்டாலே எலக்ட்ரானை இழந்துவிடும் இயல்புடையவை. சூட்டில் விரைந்தும் வெளியேறும். இத்துறையின் பழைய கதைகளில் இவையே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான். மற்ற தனிமங்களுக்கு, அந்தத் தனிமத்தை மட்டும் அயனியாக்கும்படி வண்ணம் தேர்ந்தெடுத்த லேசர் ஒளி பயன்படுகிறது. பிரிந்து வந்த கற்றை ஒரு நாடாவில் படிகிறது. சுற்றிலும் பீட்டாவுக்கும் காமாவுக்கும் உணர்கருவிகள். அளந்து முடித்ததும் நாடா நகர்ந்துவிடும். மகளும் பேத்தியும் சிதையும்போது எழும் காமாக்கள் அடுத்த அளவீட்டில் கலக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

இன்னொன்று பறக்கும்போதே பிரிக்கும் வழி. ரிகெனில் யுரேனியம் அணுக்கருக்களையே ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு வரை முடுக்கி மெல்லிய இலக்கில் மோதவிடுகிறார்கள். உடைந்த துண்டுகள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கின்றன. பயணம் ஒரு மைக்ரோவினாடிக்குள் முடிந்துவிடும். வழியிலேயே ஒவ்வொரு துண்டும் இன்ன தனிமம், இன்ன நிறை என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணப்படுகிறது. கடைசியில் அது குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் கொண்ட சிலிக்கான் தகட்டில் புதைகிறது. எந்தக் கட்டத்தில், எந்த நொடியில் புதைந்தது என்பது பதிவாகிறது. சிறிது நேரத்தில் அதே கட்டத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் கிளம்பினால், சிதைந்தது அதுதான் என்று தெரிந்துவிடும். சுற்றியிருக்கும் ஜெர்மானியம் உணர்கருவிகள் அந்தக் கணத்துக் காமாவைப் பிடித்துக்கொள்ளும்.

பத்துப் பதினைந்து அணுக்கருக்களை வைத்து முடிவு சொல்வது சரியா?

எதைப் பற்றிய முடிவு என்பதைப் பொறுத்தது. நிக்கல்-78ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 28 புரோட்டான்கள், 50 நியூட்ரான்கள், இரண்டுமே மாய எண்கள். 2005இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வெறும் 11 அணுக்கருக்களைக் கொண்டு அதன் அரை ஆயுட்காலத்தை 110 மில்லிவினாடி என்று அறிவித்தார்கள். பிழை வரம்பு மேலே 100, கீழே 60. 2014இல் ரிகென் தந்த மதிப்பு 122, பிழை 5 மட்டும். முதல் அளவீடு தன் பிழை வரம்பை நேர்மையாகச் சொன்னது, பின்னால் வந்த மதிப்பு அதற்குள்ளேயே விழுந்தது.

ஆனால் ஆற்றல் படிக்கட்டை வரைய பதினொன்று போதாது. எந்தக் காமா எதைத் தொடர்ந்து வருகிறது என்று பார்க்க இரண்டு காமாக்களை ஒரே கணத்தில் பிடிக்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் தேவை.

பீட்டா சிதைவு மகளின் எல்லா நிலைகளையும் காட்டிவிடுமா?

காட்டாது. எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் எடுத்துச்செல்லும் சுழற்சி மிகக் குறைவு. அதனால் தாயின் தற்சுழற்சியிலிருந்து அதிகம் போனால் ஒன்று மட்டுமே மாறுபடும், கண்ணாடிச் சமச்சீரான பாரிட்டி மாறாத நிலைகளுக்கே சிதைவு எளிதில் செல்லும். மற்றவை "தடுக்கப்பட்டவை". அவையும் நடக்கும், ஆனால் மெதுவாக.

இந்தக் குறைதான் இதன் பலமும். ஒரு நிலைக்கு எத்தனை விழுக்காடு சிதைவு சென்றது, எவ்வளவு ஆற்றல் மிச்சம், அரை ஆயுட்காலம் என்ன என்ற மூன்றையும் சேர்த்தால் லாக் எஃப்டி என்ற ஒரு மதிப்பு வரும். அது 4, 5 என்று சிறியதாக இருந்தால் எளிய சிதைவு. 6ஐத் தாண்டினால் ஐயப்பட வேண்டும். பெயர் தெரியாத நிலைக்குத் தற்சுழற்சியும் பாரிட்டியும் குறிப்பது பெரும்பாலும் இப்படித்தான். கனடாவின் ட்ரையம்ஃப் ஆய்வகத்தில் சோடியத்தின் தற்சுழற்சியை லேசரால் ஒரே திசைக்குத் திருப்பிவிட்டு, எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் அதிகம் போகின்றன என்று பார்த்து மெக்னீசிய நிலைகளின் தற்சுழற்சியைத் தீர்மானித்திருக்கிறார்கள். அது மிக அழகான முறை.

சிதைவாற்றல் அவ்வளவு அதிகம் என்றால் மகளால் நியூட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா?

பல நேரங்களில் முடியாது. சோடியம்-32 சிதையும்போது கிடைப்பது ஏறக்குறைய 20 மெகா எலக்ட்ரான் வோல்ட். மெக்னீசியம்-32இலிருந்து ஒரு நியூட்ரானைப் பிய்க்க 6க்கும் குறைவே போதும். எனவே நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சிதைவுகளில் ஒரு நியூட்ரான் கொட்டிவிடுகிறது. இந்தத் தாமத நியூட்ரான்கள் அணு உலைகளுக்கும் உயிர்நாடி. யுரேனியப் பிளவில் ஒரு விழுக்காடுகூட இல்லாத அவை தாமதமாக வருவதால்தான், கல்பாக்கம் உட்பட எந்த உலையையும் நிதானமாகக் கட்டுப்படுத்த முடிகிறது.

கட்டமைப்பு ஆய்விலும் இவை பயன்படும். வெள்ளீயம்-132 இரட்டை மாயம் கொண்டது (50, 82). அதன்மேல் ஒரே ஒரு நியூட்ரான் அமர்ந்தால் வெள்ளீயம்-133. அந்தத் தனி நியூட்ரானின் மட்டங்கள் அடுத்த கூட்டின் வரைபடமே ஆகும். 1996இல் ஐசோல்டேயில் இண்டியம்-134 சிதைந்து, நியூட்ரானை உதிர்த்து, வெள்ளீயம்-133 ஆகும் வழியில் அந்த மட்டங்களில் சிலவற்றைக் கண்டார்கள்.

பீட்டா சிதைவு முறை ஏமாற்றியதுண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்டு. 1977இல் ஹார்டியும் மூவரும் கணினியில் ஒரு கற்பனை அணுக்கருவை உருவாக்கி, அதன் சிதைவை வழக்கமான முறையில் அலசினார்கள். உயரத்திலுள்ள ஏராளமான நிலைகளிலிருந்து வரும் மெல்லிய காமாக்கள் பின்னணி இரைச்சலில் மூழ்கித் தவறிப்போயின. தவறியவை அனைத்தும் கணக்கில் கீழ்நிலைகளுக்கு நேராகச் சென்ற சிதைவாகத் தோன்றின. அந்தக் கற்பனை அணுக்கருவுக்கு அவர்கள் இட்ட பெயரான பாண்டமோனியம் இன்று இந்தப் பிழைக்கே பெயராகிவிட்டது. எல்லாக் காமாக்களையும் சேர்த்து விழுங்கும் பெரிய படிகங்களே இதற்கு மருந்து.

நடந்த வழக்கு ஒன்று: மெக்னீசியம்-33. 2001இல் சோடியம்-33 சிதைவை வைத்து அதன் அடிநிலைக்கு நேர்ப் பாரிட்டி என்றார்கள். 2007இல் ஐசோல்டேயில் லேசர் மூலம் அதன் தற்சுழற்சியையும் காந்தத் திருப்புத்திறனையும் அளந்தபோது எதிர்ப் பாரிட்டி என்று வந்தது. மறு ஆண்டே, மெக்னீசியம்-33 அலுமினியம்-33இன் அடிநிலைக்கு வலுவாகச் சிதைகிறது, ஆகவே நேர்ப் பாரிட்டிதான் என்று இன்னொரு பீட்டா ஆய்வு வாதிட்டது. என் முடிவு காந்த அளவீட்டின் பக்கம். அடிநிலைக்குச் சென்ற பங்கு என்பது பார்த்த காமாக்களைக் கழித்து வரும் மீதி. பார்க்காத காமாக்கள் ஒளிந்துகொள்ளும் இடமும் அதுவே.

மாய எண் ஏன் மறைய வேண்டும்? மேயர் சொன்ன பிளவு மாறிவிடுகிறதா?

ஏறக்குறைய அப்படித்தான். இரண்டாம் பதிலில் சொன்ன பிளவு அளவில் நிலையானது இல்லை, எந்த மட்டத்தில் எத்தனை புரோட்டான்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து நகர்கிறது. சுழற்சிகள் ஒரே திசையில் அமைந்த டி-5/2 மட்டத்துப் புரோட்டானும், எதிர்த்திசையில் அமைந்த டி-3/2 மட்டத்து நியூட்ரானும் ஒன்றையொன்று கூடுதலாக ஈர்க்கும். அணுக்கரு விசையின் டென்சர் கூறு, அதாவது சுழற்சிகளின் திசையைப் பொறுத்து மாறும் பகுதி, இதற்கு முக்கியக் காரணம் என்று ஒட்சுகாவும் உடன் உழைத்தவர்களும் 2000களில் விளக்கினார்கள். சிலிக்கானில் அந்த டி-5/2 மட்டம் ஆறு புரோட்டான்களால் நிரம்பியிருக்கிறது. மெக்னீசியத்தில் நான்கு. ஆக்சிஜனில் ஒன்றும் இல்லை. புரோட்டான்கள் குறையக் குறைய நியூட்ரான் டி-3/2 மட்டம் பிடி தளர்ந்து மேலே ஏறுகிறது, 20இன் இடைவெளி சுருங்குகிறது. அப்போது இரண்டு நியூட்ரான்கள் தாண்டிக் குதிக்க ஆகும் செலவைவிட, உருமாறுவதால் கிடைக்கும் பிணைப்பு அதிகம்.

பழையது போனால் புதியது வருமா?

வருகிறது. மேலே ஏறிய டி-3/2 தனக்குக் கீழே ஓர் இடைவெளியைத் திறக்கிறது. அதனால் 16 மாய எண்ணாகி, ஆக்சிஜன்-24 இரட்டை மாயம் பெறுகிறது. பழைய கணக்கில் அந்தப் பெருமை 8உம் 20உம் கொண்ட ஆக்சிஜன்-28க்குரியது. அது 2023இல் ரிகெனில் முதன்முறையாகக் காணப்பட்டபோது, கட்டுண்டே இருக்கவில்லை.

கால்சியத்தில் 32. ஐசோல்டேயில் 1985இல் பொட்டாசியம்-52இன் பீட்டா சிதைவிலிருந்து கால்சியம்-52இன் முதல் நிலை 2.56 மெகா எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருப்பது தெரிந்தது. கால்சியம்-50இல் அது 1.03 மட்டுமே. இந்தக் குறிப்பை நிறை அளவீடு உறுதிசெய்தது 2013இல். இருபத்தெட்டு ஆண்டுகள் முன்பே பீட்டா சிதைவு சொல்லிவிட்டது.

நட்சத்திரங்களில் தங்கம் உருவாவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

நேரடித் தொடர்பு. இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறக்குறைய பாதி, நியூட்ரான்கள் மழையாகக் கொட்டும் சூழலில் பிறப்பவை. நியூட்ரான் எண் 50, 82, 126ஐ எட்டும்போது அடுத்த நியூட்ரானைப் பிடிப்பது கடினமாகிறது. பீட்டா சிதைவு நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பு என்பதே எவ்வளவு குவியும் என்பதைத் தீர்மானிக்கிறது. காட்மியம்-130 அப்படிப்பட்ட ஒரு நிறுத்தம். அதன் அரை ஆயுட்காலத்துக்கு 2003இல் வெளியான மதிப்பு 162 மில்லிவினாடி, 2015இல் ரிகென் அளந்தது 127. அந்த ஒரே ஆய்வு 110 ஐசோடோப்புகளின் அரை ஆயுட்காலங்களைத் தந்தது, அவற்றில் 40 முன்பு அளக்கப்படாதவை.

கடைசியாக ஒன்று. மெக்னீசியம்-32 உருமாறியது, சிலிக்கான்-34 கோளம் என்று பிரித்துவிடலாமா?

அவ்வளவு எளிதில் முடியாது. கோள அமைப்பும் உருமாறிய அமைப்பும் ஒரே அணுக்கருவுக்குள் வெவ்வேறு உயரங்களில் உடன் வாழ்கின்றன. முன்பே குறிப்பிட்ட சிலிக்கான்-34இன் அந்த நிலை 2719 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கும் உருமாறிய நிலை. தற்சுழற்சி 0இலிருந்து 0க்கு ஒற்றைக் காமாவாக இறங்க வழியில்லை என்பதால் காமா உணர்கருவிகளுக்கு அது தென்படவே இல்லை. 2012இல் பிரான்சின் கனில் ஆய்வகத்தில் அலுமினியம்-34 சிதைவில், காமாவுக்குப் பதிலாக வெளிப்படும் எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். மெக்னீசியம்-30இன் 1789 நிலையும் சோடியம்-30 சிதைவில் இப்படியே பிடிபட்டது.

மெக்னீசியம்-32இல் அதன் இணையான நிலை 1058இல் இருப்பதை 2010இல் வேறொரு வழியில், மெக்னீசியம்-30க்கு இரண்டு நியூட்ரான்களைக் கூட்டிக் கண்டார்கள். அதைக் கோள வடிவ நிலை என்றுதான் முதலில் படித்தார்கள். பிறகு வந்த கணக்குகளோ அதிலும் உருமாற்றம் பெருமளவு கலந்திருப்பதாகச் சொல்கின்றன. மிச்சிகனில் 2022இல் திறந்த புதிய அரிய ஐசோடோப்பு நிலையத்தின் முதல் பரிசோதனையும் பீட்டா சிதைவுதான். 48 நிறை கொண்ட கால்சியக் கற்றையை உடைத்து, நியூட்ரான் எண் 28ஐ ஒட்டிய பகுதியில் ஐந்து ஐசோடோப்புகளின் அரை ஆயுட்காலங்களை முதன்முதலாக அளந்தார்கள். அந்தப் பட்டியலில் மெக்னீசியமும் இருக்கிறது, இம்முறை நிறை 38.